ஐந்தாவது சில்லு

கார் மூன்று நாளாகக் கொட்டிலை விட்டு நகரவில்லை. ஆனால் அதன் ஐந்தாவது சில்லு சுட்டது.

இன்னாசித்தம்பி கையை எடுத்துக் காற்சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். பிழையில்லை. பருத்தித்துறைக்குப் போய்த் திரும்பிய சில்லு எப்படிச் சுடுமோ அப்படி, ரப்பரின் உள்ளே இருந்து சுட்டது. நிலத்தில் நின்ற நாலு சில்லும் விடியற்பனியில் கிடந்த அம்மிக்கல்லுப் போலக் குளிர்ந்திருக்க, இடப்பக்க மட்காட்டின் பள்ளத்தில் கன்வஸ் உறை போட்டுத் தோல் வாரால் கட்டி, ஒரு மாதமாக எங்கும் போகாமல் சும்மா இருந்த இந்த ஒன்றுக்கு மட்டும் காய்ச்சல்.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தான். கொட்டில் வடக்குப் பார்த்தது; வெயில் உள்ளே வந்த வரலாறு இல்லை. உறைக்குள் எலி குட்டி போட்டிருக்கும் என்று நினைத்தான். எலி இவ்வளவு சுடாது.

கொக்குவிலில் கோட்டு வழக்குப் பார்க்கும் பிறக்கிராசியார் அம்பலவாணரிடம் பதினாறு வருடமாகக் கார் ஓட்டுகிறவன் அவன். உலகச் சண்டை தொடங்கி ரயர், பிளக் என்று ஒன்றும் கப்பலில் வராமற் போனபின் அதற்கு வைத்தியம் பார்க்கிறவனும் அவனே. ரப்பர் பால் வடிகிற தீவில் ரயருக்கு ஏன் பஞ்சம் என்று எல்லோரும் கேட்டார்கள். பதிலும் அந்தக் கப்பலிலேயே வருவதாகக் கேள்வி. கார் அமெரிக்காவில் செய்தது. ஏழு பேர் இருக்கலாம். நாலு கதவு, இரும்புக் கூரை, மஞ்சள் பூசிய மர ஆரக்கால்கள். ஊரார் அதைப் பெட்டகம் என்பார்கள். காலையில் அதற்கு இருமல், உச்சியில் கொதி, மாலையில் வாதம். றேடியேற்றர் ஒழுகினால் முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றுவான். அது உள்ளே வெந்து ஓட்டையை அடைக்கும். சுத்த சைவ வளவு என்பதால் முட்டை காற்சட்டைப் பைக்குள் ஒளிந்துதான் வரும். அந்த வீட்டில் முட்டை தின்று உயிர் வாழ்ந்தது கார் ஒன்றே. பிறேக் கம்பியின் ஊசி தேய்ந்து விழுந்தபோது அவன் ஒரு நாலங்குல ஆணியை வளைத்து மாட்டினான். தற்காலிகமாக. அந்தத் தற்காலிகம் எட்டு மாதம் நின்றது.

அந்த ஆணிதான்.

தோல் வாரை அவிழ்த்து உறையை ஒரு சாண் விலக்கினான். முதலில் மணம் வந்தது. கிறீஸ் மணமில்லை, ரப்பர் மணமில்லை. கனிந்து, கறுத்து, தோல் வெடித்த இதரை வாழைப்பழத்தின் மணம். எங்கிருந்தோ ஓர் இலையான் பறந்து வந்து உறையின் விளிம்பில் குந்தியது. பன்னிரண்டு ஆரக்கால்களில் ஒன்பதாவதில் விரல் நீளத்துக்கு ஒரு சிம்பு பெயர்ந்திருந்த இடத்தை அவன் புட்டி வைத்து, மஞ்சள் பூசி, தானே கண்டுபிடிக்க முடியாதபடி மறைத்திருந்தான். இப்போது புட்டி விழுந்திருந்தது. பக்கத்தில், மரத்துக்குள் ஏறியபடி, மூன்று நகங்கள் நின்றன.

ஒரு மாதத்துக்கு முன் அவன் குறட்டால் பிடுங்கிக் கிணற்றடி வாய்க்காலில் எறிந்த அதே மூன்று நகங்கள். வாழைப் பாலின் கயர் பிடித்துக் கறுத்தவை.

உறையை இழுத்து மூடினான்.

வல்லை வெளியில் அது நடந்தது. உச்சி வெயில். இரண்டு பக்கமும் உப்புத் தரை. ஒரு வீடில்லை, ஒரு மரமில்லை. பருத்தித்துறைக் கோட்டுக்குப் போகும் வழியில் பிறக்கிராசியார் பின் ஆசனத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். (கோட்டிலும் அவர் தூங்குவதுண்டு. எதிர்த்தரப்பு அதை ஏதோ தந்திரம் என்று பயந்தது.) முன்னே ஒருவன் சைக்கிளில் இரண்டு வாழைக்குலை கட்டி, ஏறி ஓட முடியாத பாரம் என்பதால் உருட்டிக்கொண்டு போனான். இன்னாசித்தம்பி கோண் அடித்தான். அவன் விலகினான், குலை விலகவில்லை, சைக்கிள் சரிந்து அவனையும் கொண்டு விழுந்தது. பிறேக்கை மிதித்தான். ஆணி முறிந்த சத்தம் மிகச் சின்னது, கச்சான் கடலை உடைக்கிற சத்தம். மிதித்த கால் பலகை வரைக்கும் தடையில்லாமல் போனது.

கைப்பிறேக்கை இழுத்துக் கார் நின்றபோது, இடது முன்சில்லு அந்த மனிதனின் இடுப்பின் மேல் நின்றது.

அவன் சாகவில்லை. நசுங்கிய பழமும் மற்றதும் எது எதென்று தெரியாமல் கலந்து பரவியிருக்க, ஒரு கையால் ஆரக்காலைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்து, வழி கேட்கிறவனைப் போல மரியாதையாகச் சொன்னான்:

"அண்ணை, கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ."

பின்னுக்கு எடுத்தால் பிழைப்பான். பிழைத்தால் கதைப்பான். கதைத்தால் அந்த ஆணி கோட்டுக்கு வரும். இன்னாசித்தம்பி வெளியை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பிறகு முதலாவது கியரைப் போட்டு முன்னுக்கு எடுத்தான்.

பிடித்த கை விடவில்லை. சில்லு ஒரு சுற்றுச் சுற்றி முடிகிற வரைக்கும் விடவில்லை.

"என்னடாப்பா அது?" பிறக்கிராசியார் விழித்துக் கேட்டார்.

"நாய் ஐயா."

"ம்."

நாய் என்று சொன்னதை அவன் பிறகு மாற்றவில்லை. மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்திலும் நாய் என்றே சொன்னான். சுவாமியார் மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். நாய்க்கு அது தாராளம். பிறக்கிராசியாரின் மனைவி பத்மாசினி அம்மாவுக்குத்தான் மட்காட்டில் இரத்தத்தைக் கண்டதும் நெஞ்சடைத்தது. வைரவரின் வாகனமல்லவா? மூன்றாம் நாள் பூசாரியைக் கூப்பிட்டுக் கழிப்புக் கழிப்பித்தார். அதற்குள் இன்னாசித்தம்பி பிறேக்குக்கு நல்ல உருக்கு ஊசி தேடிப் போட்டுவிட்டான். அந்தச் சில்லையும் கழற்றி உறைக்குள் போட்டு, உறைக்குள் இருந்ததை முன்னே மாட்டிவிட்டான். பூசாரி நாலு சில்லின் கீழும் நாலு தேசிக்காய் வைத்துவிட்டு, ஐந்தாவதைக் கையில் உருட்டியபடி மட்காட்டைப் பார்த்தார்.

"உதுக்கு வேண்டாமே?"

"உது நிலத்திலை முட்டாத சில்லு, ஐயா. உது என்ன பாவம் செய்தது?" என்றான் இன்னாசித்தம்பி.

எல்லோரும் சிரித்தார்கள். கார் நாலு தேசிக்காயையும் நசித்துக்கொண்டு முன்னே போனது. ஐந்தாவதைப் பிறக்கிராசியார் சீனி போட்டுக் கரைத்துக் குடித்தார்.

"இன்னாசித்தம்பி!"

திடுக்கிட்டுத் திரும்பினான். கொட்டில் வாசலில் பத்மாசினி அம்மா நின்றார்.

"சங்கதி தெரியுமே? வல்லை வெளியிலை செத்துக் கிடந்தாரெல்லோ, நீர்வேலித் தம்பிஐயா, அவரின்ரை பொத்தின கைக்குள்ளை மரச் சிம்பு ஒண்டு இருந்ததாம். மஞ்சள் பூசினதாம். திங்கட்கிழமை விதானையார் வந்து கார்ச் சில்லு எல்லாம் பாக்கப்போறாராம்."

"பாக்கட்டுமே, அம்மா."

"எங்கடையும் மஞ்சளெல்லோ?"

"ஊரிலை பாதிக் கார் மஞ்சள்தான்."

"அப்ப பயமில்லை." அம்மா மூக்கைச் சுளித்தார். "இதென்ன, பழக்கடை மாதிரி மணக்குது? ஒளிச்சு வைச்சுத் தின்னுறியோ?"

அவர் போனதும் இன்னாசித்தம்பி ஸ்பானரை எடுத்தான். இன்று சனி. சில்லைக் கழற்றி, ஆரக்கால்களை வாளால் அறுத்து அடுப்பில் வைத்துவிட்டால், திங்கட்கிழமை விதானையார் நாலு நல்ல சில்லையும் ஒரு வெறும் பள்ளத்தையும் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போவார். மரம் எரிந்தால் கழுத்துத் தப்பும். மரம் இருந்தால் தூக்கு. கணக்கு அவ்வளவுதான். ஆனால் பிடிப்பு நட் அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டான், தட்டினான், ஸ்பானரின் மேல் ஏறி நின்றான். ஸ்பானர் வழுக்கி அவனுடைய பெருவிரலின் சதையை எலும்பு வரை சீவிக்கொண்டு போனது. உறையில் விழுந்த இரத்தம் ஓடி வழியவில்லை. விழுந்த இடத்திலேயே உறிஞ்சப்பட்டது.

விரலில் துணியைச் சுற்றுமுன் பிறக்கிராசியார் கோட்டும் தலைப்பாகையுமாக வந்துவிட்டார்.

"காரை எடு. கரவெட்டியிலை மார்க்கண்டருக்குச் சேடம் இழுக்குதாம். மரணசாதனம் எழுதவேணும்."

"ஐயா, பிளக் கழுவவேணும். பின்னேரம் போவம்."

"நீ பிளக் கழுவி முடியமுந்தி அந்தாளைக் குளிப்பாட்டிப் போடுவாங்கள். எடடா!"

எடுத்தான். கோப்பாய் வரைக்கும் எஞ்சின் இருமியது, கொதித்தது, வழக்கமான குறைகள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னது. அந்த முறைப்பாடுகளைக் கேட்க அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் கண்ணாடிக்கு முன்னால், இடது மட்காட்டில், உறை அவன் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. கொக்குவிலில் உறையின் இரத்தக்கறை மேலே இருந்தது. இருபாலைச் சந்தியில் பக்கவாட்டில் இருந்தது. கோப்பாய் கழிந்து பார்த்தபோது கீழே இருந்தது. சும்மா கிடக்கும் சில்லு, மற்றச் சில்லுகளோடு சேர்ந்து, மெல்ல மெல்ல ஓடிக்கொண்டு வந்தது.

நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, துவக்கு வெடித்ததுபோல, இடது முன்ரயர் வெடித்தது.

இறங்கிப் பார்த்தான். ரயர் ஒரு முழத்துக்குக் கிழிந்து, ரியூப் குடல் மாதிரி வெளியே கிடந்தது. ஒட்டுப்போட வழியில்லை.

"பக்கத்திலை ஒண்டு கிடக்குதெல்லோ? மாட்டு," என்றார் பிறக்கிராசியார்.

"அது சரியில்லை, ஐயா."

"எங்கடை காரிலை எது சரி? மாட்டு!"

காலையில் ஸ்பானருக்கு மசியாத நட், விரல் பட்டதும் சுழன்று கையில் விழுந்தது. உறையைக் கழற்றினான். ஒன்பதாவது ஆரக்காலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு பார்த்தான். இப்போது ஐந்து நகங்கள். ஐந்தாவது பெரியது. பெருவிரலுடையது.

"அண்ணை, தண்ணி வேணுமே?"

வேலிப் படலையில் ஒரு பெண் வாளியோடு நின்றாள். றேடியேற்றர் ஆவி விடுவதைக் கண்டு வந்திருக்கிறாள். ஊற்றினாள். பெயர் இராசமலர் என்றும், வீட்டில் ஆம்பிளையள் இல்லை என்றும் பிறக்கிராசியார் கேட்டு அறிந்தார்.

"எங்கை போட்டினம்?"

"கீரிமலைக்கு. அண்ணருக்கு இண்டைக்கு அந்தியேட்டி. அவர் போய் முப்பத்தொரு நாள்."

"என்ன வருத்தம் அவருக்கு?"

"வருத்தமில்லை ஐயா. வல்லை வெளியிலை ஆரோ காராலை அடிச்சுப்போட்டான்." அவள் சத்தமாக அழவில்லை, வாளியின் விளிம்பைத் தடவிக்கொண்டு கதைத்தாள். "தெரியாமல் அடிச்சவனெண்டால் விடலாம். நிண்டு, பாத்து, பிறகு ஏத்திக்கொண்டு போயிருக்கிறான். சில்லுத் தடம் அப்பிடித்தான் சொல்லுதாம்."

"ச்சே!" பிறக்கிராசியார் உண்மையாகவே மனம் கலங்கினார். "பிடிபட்டானெண்டால் அவனுக்கு நல்ல பிறக்கிராசி வேணும்."

இன்னாசித்தம்பி குனிந்தபடி நட்டுகளை முறுக்கினான். ஒவ்வொரு நட்டும் தானாக இறுகியது. சில்லு பழைய இடத்தைக் கண்டுகொண்டது.

இராசமலர் உள்ளே போய் ஒரு சீப்புப் பழம் கொண்டுவந்து பிறக்கிராசியாரிடம் நீட்டினாள். பிறகு முன்சில்லைப் பார்த்தாள்.

"அண்ணை, உந்தச் சில்லிலை மட்டும் இலையான் மொய்க்குது."

"சாணியாக்கும், தங்கச்சி," என்றான்.

தங்கச்சி என்ற சொல் வாயில் ஒட்டிக்கொண்டு நின்றது.

பிறக்கிராசியார் நாலு பழம் சாப்பிட்டார். புத்தூர் வருமுன் குறட்டை விட்டார். பழ மணத்துக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று இன்னாசித்தம்பி தனக்குச் சொல்லிக்கொண்டான். ஸ்ரியறிங் இடப்பக்கம் இழுத்தது. ரயரின் உயரம் வித்தியாசம், அதுதான். முன்னாலே ஒரு தட்டல் கேட்டது. ஆரக்கால் ஆடுகிறது, அதுதான். எல்லாவற்றுக்கும் ஒரு அதுதான் இருந்தது. அச்சுவேலி கழியும்வரை இருந்தது.

வல்லை வெளி. எப்போதும் பிய்த்துக்கொண்டு அடிக்கிற காற்று அன்று இல்லை. உப்புத் தரை வெயிலில் கொதித்தது. நிழல்கள் எல்லாம் காலடிக்குள் சுருண்டு கிடந்தன. டொக். சில்லு ஒரு சுற்று. டொக். இன்னொரு சுற்று. வேகமாகப் போனால் தட்டல் ஒன்றாகச் சேர்ந்து மறையும் என்று மிதித்தான். கார் வேகம் குறைந்தது. இன்னும் மிதித்தான். இன்னும் குறைந்தது.

டொக்.

டொக்.

நின்றது.

எந்த இடம் என்று பார்க்கத் தேவையில்லை. றோட்டில் ஒரு மறு இருந்தது. முப்பத்தொரு நாள் வெயிலில் வெளிறாத மறு.

ஓடிவிடலாம் என்று நினைத்தான். எங்கே ஓடுவது? திங்கட்கிழமை வரும். சில்லு இங்கேயே நின்று எல்லாவற்றையும் சொல்லும். காரைக் கிளப்பியே ஆகவேண்டும். அவன் இறங்கினான்.

பெற்றோல் இருந்தது. பிளக்கில் பொறி இருந்தது. தண்ணீர் இருந்தது, இராசமலர் ஊற்றிய தண்ணீர். கம்பிகள் சரி. கியர் நடுவில், மூன்று தரம் ஆட்டிப் பார்த்தான். கைப்பிறேக் இழுத்திருந்தது, கால்பிறேக்கில் உருக்கு ஊசி, நல்ல ஊசி, குனிந்து தொட்டுப் பார்த்தான். முன்சில்லுக்கு ஒரு கல் வைத்தான். யோசித்து இன்னொன்று வைத்தான். பதினாறு வருடத்தில் இவ்வளவு கவனமாக அவன் எதையும் பார்த்ததில்லை.

முன்னாலே வந்து, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹான்டிலைச் செருகினான். பெருவிரலை மடக்கிப் பிடிக்கக் கூடாது. தெரியும். மடக்கவில்லை.

ஒரு சுற்று. ஒன்றுமில்லை.

இரண்டாவது சுற்று. ஹான்டில் திருப்பி அடித்தது.

சத்தம் முதலில். கச்சான் உடைகிற சத்தம். பிறகுதான் மணிக்கட்டைப் பார்த்தான். எலும்பு வெளியே வந்து நின்றது. வெள்ளையாக, சுத்தமாக. முழங்காலில் விழுந்தான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

இருமலில்லை. தட்டலில்லை. கப்பலில் இருந்து இறக்கிய அன்று ஓடியதுபோல, பூனை மாதிரி, மெதுவாக.

கல் உருண்டது. ஒன்று. மற்றது.

"ஐயா!" என்று கத்தினான். குறட்டை பதில் சொன்னது.

எழும்பப் பார்த்தான். சேட்டு ஹான்டிலில் சிக்கியது. கிழித்தான். புரண்டான். சில்லு வந்தது. அவசரப்படாமல். பாதம். கணுக்கால். முழங்கால். ஒவ்வொன்றாக. ஒன்றையும் விடாமல். வாயைத் திறந்தான், சத்தத்துக்குப் பதில் இரத்தம் வந்தது. சில்லு இடுப்பின் மேல் ஏறியது.

நின்றது.

பழ மணம்.

அண்ணாந்து பார்த்தான். கண்ணாடி முழுக்க வெயில். முகம் தெரியவில்லை. வெயிலுக்குக் கீழே, ஸ்ரியறிங்கில், இரண்டு கைகள். கயர் பிடித்த கைகள். ஒரு கையில் நகங்களே இல்லை.

முறியாத கை தானாக எழுந்து ஆரக்காலைப் பிடித்தது. ஒன்பதாவது. சிம்பு போன இடத்தில் அவன் விரல்கள் அளவாகப் பொருந்தின. நகங்கள் மரத்துக்குள் இறங்கின.

சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது. மரியாதையாகச் சொன்னான்.

"அண்ணை... கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ."

மேலே கியர் மாறியது. பதினாறு வருடம் கேட்ட சத்தம். பின்னுக்கு எடுக்கிற கியர் கரகரக்கும். இது கரகரக்கவில்லை.

முதலாவது.

"என்னடாப்பா அது?" பின் ஆசனத்தில் பிறக்கிராசியார் விழித்தார்.

"நாய் ஐயா," என்றது ஓட்டுகிறவனின் ஆசனம். அது இன்னாசித்தம்பியின் குரல்.

"ம்."

சில்லு சுற்றியது. கை விடவில்லை. விடப் பார்த்தான். விடவில்லை.

பிறகு வெயில் மட்டும் இருந்தது. மறுவின் மேல் கிடந்தபடி, கண் மூடாமல், இன்னாசித்தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டகம் கரவெட்டிப் பக்கமாகச் சிறுத்துக்கொண்டு போனது. அதன் இடது முன்சில்லில் அவனுடைய கை மேலே வந்தது, கீழே போனது, மேலே வந்தது.